இருபத்தைந்து பைகளும் ஒரு கையெழுத்தும்

என் நாத்தனார் பொய் சொன்னாள். அந்த ஒரு பொய்யை வைத்து ஒரு கோடை முழுவதும் என்னை வீட்டைவிட்டு நகரவிடாமல் செய்தாள். சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் இந்த விஷயத்தில் சொல்ல மாட்டேன்.

அவள் எங்கள் வார்டு மெம்பர். அவளுக்கு ஓட்டுப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. வெயிலில் வீடு வீடாகப் போய் அவளுடைய நோட்டீஸைக் கொடுத்தவளும் நான்தான். அதனால் அவளைப் பற்றி எழுத மற்றவர்களைவிட எனக்குக் கொஞ்சம் அதிக உரிமை உண்டு.

நாங்கள் இருப்பது கேரளத்தில், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையைப் பார்த்துப் போகும் சாலையில், தென்னந்தோப்புகளுக்கு நடுவில். நான் பிறந்தது உடுமலைப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்து இருபத்தாறு வருடமாகிறது. கணவர் இறந்து நான்கு வருடம். ஒரே மகள் திருப்பூரில் குடும்பமாக இருக்கிறாள். இந்த வீட்டில் இப்போது நானும் மாமனாரும் மட்டும்தான். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. நடப்பார், நன்றாகச் சாப்பிடுவார், அதைவிட நன்றாகக் குத்திப் பேசுவார். அடுப்பு மட்டும் பற்றவைக்க மாட்டார். காலை ஆறு மணிக்குக் காப்பி, எட்டுக்குப் பலகாரம், பதினோரு மணிக்கு மோர், ஒன்றரைக்குச் சோறு. கால் மணி நேரம் தாமதமானால் டம்ளரை எடுத்து மேசையில் தட்டுவார். நாத்தனார் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் இருக்கிறாள். உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்த பெண். அவருக்கு அவள் மகள், நான் மருமகள். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

என் அக்கா மறையூருக்கு மேலே, காந்தலூர் மலையில் இருக்கிறாள். பூண்டுத் தோட்டம் உண்டு. கொஞ்ச வருடமாக வீட்டை ஒட்டி நான்கு அறை கட்டி, சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறாள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் அறை காலியாகவே இருக்காது. வருகிறவர்களுக்கு அவள் சமைத்துப் போடுகிறாள். போன தை மாதம் போன் செய்தாள். முழங்கால் முடியவில்லை, அடுப்படியில் நிற்க முடியவில்லை என்றாள். பிறகு சொன்னாள்:

"சமையக்கட்ட உனக்கு உட்டர்றேன். பங்குனிக் கடைசில வந்துரு. ரெண்டு மாசம் இருந்து பாரு. புடிச்சுதா, இங்கயே இருந்துக்க. புடிக்கலையா, பஸ் இருக்குது."

எனக்கு நாற்பத்தெட்டு வயது. அதுவரை யாரும் என்னிடம் "பிடித்தால் இரு, பிடிக்காவிட்டால் போ" என்று சொன்னதில்லை. பிறந்த வீட்டில் சொல்லவில்லை, புகுந்த வீட்டில் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கினேன். நறுக்கி முடித்த பிறகுதான் அன்றைக்குக் குழம்புக்கு வெங்காயம் தேவையே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

அன்றைக்கே மாமனாரிடம் சொன்னேன். பங்குனிக் கடைசியில் அக்கா வீட்டுக்குப் போகிறேன், இரண்டு மாதம் இருப்பேன், அதற்குமேலும் இருக்கலாம், உங்கள் மகள் பக்கத்திலேயே இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள் என்றேன். "ம்" என்றார். சம்மதத்துக்கும் அவர் அப்படித்தான் சொல்வார், காது கேட்காதபோதும் அப்படித்தான் சொல்வார். நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மாசி முதல் வாரம் நாத்தனார் ஒரு தாளோடு வந்தாள். கிருஷி பவனில், அதாவது இங்கத்து வேளாண்மை ஆபீஸில், வீட்டுக் காய்கறித் தோட்டத்துக்கு மண் நிரப்பிய பைகளும் நாற்றும் கொடுக்கிறார்கள், வார்டுக்கு ஒரு மாதிரித் தோட்டம் வேண்டும், நம் வீட்டு வாசலில்தான் வெயில் நன்றாக விழுகிறது என்றாள். தாள் மலையாளத்தில் இருந்தது. விரலை வைத்து இடத்தைக் காட்டினாள். நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். தாளின் நகல் ஒன்றை என்னிடம் கொடுத்தாள். அதை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்தேன்.

எல்லையில் கட்டிக்கொடுக்கப்பட்டு வந்த பெண்களைக் கேளுங்கள். எங்களில் பலர் மலையாளம் பேசுவோம். சந்தையில் சண்டை போடுகிற அளவுக்குப் பேசுவோம். படிக்க வராது. கரண்ட் பில், ஆஸ்பத்திரிச் சீட்டு, நிலவரி ரசீது எல்லாம் அந்த எழுத்தில்தான் வரும். யாராவது விரல் வைப்பார்கள், நாங்கள் கையெழுத்துப் போடுவோம். இருபத்தாறு வருடமாக நான் அப்படித்தான் போட்டிருக்கிறேன். என் தப்பு என்று ஒன்று இதில் இருந்தால் அது இதுதான். இதை மறைக்கப் போவதில்லை.

மறுநாளே பைகள் வந்து இறங்கின. இருபத்தைந்து. கத்தரி, மிளகாய், வெண்டை, தக்காளி நாற்றுகள். தரையில் போட புடலை, பாகல், கனிவெள்ளரி விதைகள். ஒவ்வொரு பையும் ஒரு குழந்தை மாதிரி, காலையிலும் மாலையிலும் பார்க்க வேண்டும் என்று கொண்டுவந்தவர்கள் சொன்னார்கள். குழந்தையாவது வளர்ந்து பள்ளிக்கூடம் போகும்.

பங்குனி பிறந்ததும் நான் பையைத் தயார் செய்தேன். என் பையைச் சொல்கிறேன். நான்கு புடவை, ஒரு ஸ்வெட்டர். ஸ்வெட்டர் மகள் கொடுத்தது, காந்தலூர்க் குளிருக்கு வாங்கி வரச் சொல்லியிருந்தேன். நாத்தனார் கறிவேப்பிலை பறிக்க வந்தவள் கட்டில் மேல் இருந்த பையைப் பார்த்தாள்.

"எங்கீங்க நங்கையா, பயணமா?" அண்ணியை எங்கள் பக்கத்தில் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

சொன்னேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"அதெப்படிங்க போவீங்க? கையெழுத்துப் போட்டிருக்கீங்கல்ல."

"பை வாங்குனதுக்குத்தான போட்டேன்?"

"அதுக்கு மட்டுமில்லீங்க. எடவ மாசம் முடியற வரைக்கும் ஊட்லயே இருந்து பாத்துக்கறேன்னு சம்மதப் பத்திரம். நடுவுல உட்டுட்டுப் போனீங்கன்னா அப்பா பேருக்கு நோட்டீஸ் வரும். ஊடு அவரு பேர்லதானுங்களே இருக்குது? இந்த வயசுல அவரப் பஞ்சாயத்தாபீஸ் படியேத்தோணுமா?"

எடவம் என்பது நம் வைகாசி. வைகாசி முடியும்போது பள்ளிக்கூடம் திறந்திருக்கும், மழை இறங்கியிருக்கும், அக்காவின் அறைகள் காலியாகியிருக்கும். நான் அப்படியே கட்டிலில் உட்கார்ந்தேன். முன்னறையில் மாமனார் மலையாளப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைத் திருப்பும் சத்தம் கேட்டது.

அக்காவிடம் சொன்னபோது அவள் கோபப்படவில்லை. சித்திரை வரைக்கும் காலைத் தேய்த்துக்கொண்டே சமாளிக்கிறேன், அதற்குள் ஏதாவது வழி பண்ணிக்கொண்டு வா என்றாள். நானும் வழி தேடினேன். வேறு யாராவது தண்ணீர் ஊற்றினால் போதாதா என்று நாத்தனாரைக் கேட்டேன். பத்திரத்தில் உங்கள் பேர் இருக்கிறது, ஆபீஸிலிருந்து பார்வைக்கு வரும்போது நீங்கள் இல்லையென்றால் எழுதிவிடுவார்கள் என்றாள். ஒரு நாளாவது போய்விட்டு வருகிறேனே என்றேன். கொல்லங்கோட்டிலிருந்து பொள்ளாச்சி, அங்கிருந்து உடுமலை, பிறகு மறையூர் வழியாக மலை ஏற வேண்டும். போகவே ஒரு பகல். அந்த ஒரு நாளில் பார்வைக்கு வந்துவிட்டால் என்றாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. மெம்பர் அல்லவா.

பிறகு கோடை தொடங்கியது. அதன் சுறுசுறுப்பைச் சொல்கிறேன், கேளுங்கள்.

காலை ஐந்தரைக்குத் தண்ணீர். குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். வராத நாளில் அரிசி கழுவியது, பாத்திரம் கழுவியது, மாமனார் குளித்தது எல்லாம் வாளியில் பிடித்து வைத்து பைக்கு ஒரு செம்பு. வெள்ளை ஈ வந்தால் புகையிலையை ஊறவைத்துச் சோப்புக் கரைத்து அடிக்க வேண்டும். உரத்துக்கு மத்தி மீனையும் வெல்லத்தையும் ஒரு டப்பாவில் போட்டு மூடி, நாள் கணக்கில் வைத்து, வடித்துத் தெளிக்க வேண்டும். எங்கள் வீட்டில் மீன் வாங்கியதே இல்லை. முதல் தடவை டப்பாவைத் திறந்தபோது மாமனார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே போய்விட்டார். "செடிக்கு மீன் கொழம்பு, எனக்கு ரசமா?" என்று அங்கிருந்து கேட்டார்.

காப்பி நேரத்தில் போன் அடிக்கும். வார்டின் வாட்ஸ்அப் குழுவில் நாத்தனாரின் குரல். இன்றைக்கு வாய்க்கால் சுத்தம், மண்வெட்டியோடு வாருங்கள். இன்றைக்கு அங்கன்வாடியில் குழந்தைகளின் கோடை முகாம், மதியச் சோற்றுக்கு நங்கையா பொறுப்பு. என்னைக் கேட்டதில்லை. அந்தக் குரலில்தான் எனக்கே தெரியும். எங்கள் அயல்கூட்டத்தில், அதாவது தெருப் பெண்கள் சேர்ந்து வைத்திருக்கும் குழுவில், எல்லாருக்கும் ஒரு வேலை என்றால் எனக்கு மூன்று. ஊரில் இருக்கிறவள்தானே, எங்கேயும் போகப் போவதில்லையே.

பெண்களுக்கு வடம் இழுக்கும் போட்டி ஒன்று வைத்தார்கள். பக்கத்து வார்டோடு. சாயங்காலம் தோறும் பள்ளிக்கூட மைதானத்தில் பயிற்சி. நான் கனமான ஆள் என்பதால் என்னைக் கடைசியில் நிறுத்தி, கயிற்றை முதுகில் சுற்றித் தோளுக்குமேல் போட்டார்கள். குதிகாலை மண்ணில் ஊன்றிக்கொண்டு அசையாமல் நிற்பதுதான் கடைசி ஆளின் வேலை.

"நவுராம நிக்கறதுல நங்கையாவ மிஞ்ச ஆளில்ல" என்றாள் நாத்தனார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜெயித்தோம். ஒரு பிளாஸ்டிக் குடம் கொடுத்தார்கள். அதையும் தண்ணீர் பிடித்து வைக்கத்தான் பயன்படுத்தினேன்.

தோட்டத்தைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வாசலில் மலையாளத்தில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். பெருமாட்டிப் பக்கத்திலிருந்துகூட வேன் வைத்து வந்தார்கள். செடியைப் பார்ப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், போகும்போது நாலு வெண்டைக்காயை ஒடித்துக்கொள்வார்கள். அத்தனை பேருக்கும் டீ. மாமனார் முன்னறை நாற்காலியில் இருந்தபடியே, "இன்னைக்குக் கண்காட்சிக்கு எத்தன டிக்கெட்டு?" என்பார். வந்த ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது, வீட்டிலேயே இப்படி ஒரு சந்தோஷம் யாருக்குக் கிடைக்கும் என்றார். நான் அவருக்கும் டீ கொடுத்தேன்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எனக்குச் செடி வரும். நான் வைத்த கத்தரி அந்த வெயிலிலும் இலை சுருளாமல் நின்றது. முதல் காய் விட்டபோது தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். புடலைப் பந்தலுக்குக் கீழே காலையில் நின்றால் சில்லென்று இருக்கும். அங்கே நிற்கும் பத்து நிமிடம் எனக்குப் பிடிக்கும். அது பிடித்ததே என்று எனக்குக் கோபமாக வரும். புடலங்காய் வளையாமல் நீளமாக வளர நுனியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுவோம். அந்தக் கற்களை நானே பொறுக்கி, நானே கட்டினேன். செடியைக் கவனிக்காமல் விட்டிருந்தால் பத்து நாளில் எல்லாம் காய்ந்து, வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று அவர்களே சொல்லியிருப்பார்கள். அதை நான் யோசிக்காமல் இல்லை. ஒரு நாள் வேண்டுமென்றே தண்ணீர் ஊற்றாமல் இருந்தேன். மத்தியானம் மிளகாய்ச் செடிகள் தலை தொங்கிப் போயின. சாயங்காலம் இரண்டு செம்பு சேர்த்து ஊற்றினேன்.

விஷுச் சந்தைக்கு என் கனிவெள்ளரி முழுவதையும் நாத்தனார் கொண்டுபோனாள். மஞ்சளாய், தங்கம் மாதிரி பழுத்திருந்தன. பஞ்சாயத்து ஸ்டாலில் முன்வரிசையில் அடுக்கினாள். ஒன்றை வீட்டுக்கு வை என்றேன், பார்க்கலாம் என்றாள், மிஞ்சவில்லை. இங்கே எங்களுக்குச் சித்திரைக் கனியும் விஷுக் கனியும் ஒரே தாம்பாளம்தான். கண்ணாடி, பூ, பழம், நகை, வெள்ளரி எல்லாம் வைத்துக் கண் விழித்ததும் அதைத்தான் பார்ப்போம். விளைவித்தவள் வீட்டுத் தாம்பாளத்தில் வெள்ளரி இல்லை. முதல் நாள் சாயங்காலமே ஒரு பெரிய கத்தரிக்காயைப் பறித்து அந்த இடத்தில் வைத்தேன். காலையில் மாமனாரைக் கண்ணை மூடச் சொல்லி அழைத்து வந்து உட்காரவைத்தேன். கண்ணைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கத்திரிக்காயில முழிச்சாச்சு. வெளங்கும்" என்றார்.

அடுத்த வாரம் அக்கா போன் செய்தாள். நான் பைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"ஒரு பொம்பளயச் சேத்துட்டேன் கண்ணு. மறையூர்க்காரி. நல்லாத்தான் ஆக்கறா. பக்கத்துலயே ஊடு புடிச்சுக் குடும்பத்தோட வந்துட்டா. இனி அவளப் போகச் சொல்ல முடியாது."

சரி என்றேன். நீ எப்போது வேண்டுமானாலும் வந்து இருந்துவிட்டுப் போ என்றாள். அது விருந்தாளிக்குச் சொல்வது. அவள் முன்பு சொன்னது வேறு. போனை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தால் ஒரே தக்காளிப் பையில் வாளித் தண்ணீர் முழுவதையும் ஊற்றியிருந்தேன். அந்தச் செடி அழுகிப்போனது. இருபத்தைந்தில் என் கையில் செத்தது அது ஒன்றுதான்.

வைகாசியில் போட்டோ எடுத்தார்கள். பந்தலுக்குக் கீழே, கையில் புடலங்காயோடு. சிரிங்க நங்கையா என்று நாத்தனார் மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சிரித்தேன்.

மழை இறங்கிய பிறகு ஒரு நாள் கிருஷி பவனிலிருந்து ஆபீசர் வந்தார். சின்ன வயதுப் பெண், மலையாளி, தமிழும் கலந்து பேசுவார். கோடை முழுவதும் இரண்டு தடவைதான் வந்திருந்தார். வந்ததும் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். வார்டின் கோடைக்காலச் செயல்பாடுகளைப் பற்றி ஒரு சிறு புத்தகம் அச்சுக்குப் போகிறது, அடுத்த கிராம சபையில் வெளியிடுகிறார்கள், மூன்றாம் பக்கத்தில் நான் இருக்கிறேன். படத்துக்குக் கீழே நான் சொன்னதாக இரண்டு வரி இருந்தது. அவர் படித்துத் தமிழில் சொன்னார்: இதுதான் என் வாழ்க்கையின் மிகச் சந்தோஷமான கோடை. இந்தத் தோட்டத்தை விட்டு எங்கேயும் போக எனக்கு மனம் வரவில்லை.

நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். மெம்பர்தான் எழுதிக் கொடுத்தார் என்றார். மனம் வரவில்லையா, போகக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டவர்களே நீங்கள்தானே என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அந்தப் பெண் விழித்தார். எந்தக் கையெழுத்து என்றார்.

உள்ளே போய் ரேஷன் கார்டு உறையிலிருந்து தாளை எடுத்து வந்து கொடுத்தேன். நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார்.

"சேச்சி, இதில் அப்படி ஒண்ணும் இல்லல்லோ."

இருபத்தைந்து பைகளும் நாற்றும் விதையும் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு வரி. ரசாயன மருந்து அடிக்க மாட்டேன் என்று ஒரு வரி. பார்த்துக்கொள்ள முடியாமல் போனால் ஆபீஸில் சொன்னால் போதும், பைகளை வேறு வீட்டுக்கு மாற்றிக்கொள்வோம் என்று மூன்றாவது வரி. அவ்வளவுதான். எடவம் இல்லை. நோட்டீஸ் இல்லை. மாமனார் பெயரே இல்லை.

அந்த மூன்றாவது வரியை மறுபடி படிக்கச் சொன்னேன். படித்தார். இன்னொரு தடவை என்றேன். அதற்கும் படித்தார். நான் ஒரு பேனாவை எடுத்துத் தாளின் பின்பக்கத்தில் அவர் சொல்லச் சொல்ல மூன்று வரியையும், அதே மலையாளத்தை, தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். அந்தப் பெண் கிளம்பும்போது, எங்கே போக வேண்டியிருந்தது சேச்சி என்று கேட்டார். காந்தலூருக்கு என்றேன். ஆஹா, நல்ல இடம் என்றார். அவருக்கு வேறு ஒன்றும் தெரியாது.

நான்கு மாதம் அந்தத் தாள் என் வீட்டு அலமாரியில் இருந்தது. நான் தினமும் திறக்கிற அலமாரி. படிக்கத் தெரிந்தவர்கள் தெரு நிறைய இருந்தார்கள். அங்கன்வாடி டீச்சர் தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சோறு சாப்பிட்டார். இருபத்தாறு வருடமாகியும் படிக்கத் தெரியவில்லை என்று வெளியே தெரிந்துவிடுமே என்று யாரிடமும் காட்டவில்லை. நாத்தனாருக்கு அது நன்றாகத் தெரியும். என் வெட்கத்தின் அளவு அவளுக்குத் தெரிந்திருந்தது. அதை நம்பித்தான் பொய் சொன்னாள்.

நேராக வேலியைத் தாண்டிப் போனேன். அவள் மீட்டிங்குக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தாள். தாளை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. என்ன என்றும் கேட்கவில்லை. கொசுவத்தைச் செருகி முடித்தாள்.

"நாஞ் சொல்லாட்டி நீங்க போயிருப்பீங்க" என்றாள்.

"போயிருப்பேன்."

"அப்பாவ யாருங்க பாக்கறது?"

"நீ."

"என்னால ஆகுங்களா? வார்டு முச்சூடும் எந் தலைல கெடக்குது."

"அத எங்கிட்ட நேராக் கேட்டிருக்கலாமில்ல அம்மிணி."

"கேட்டா மாட்டேன்னிருப்பீங்க."

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒரு மாதம் நான், ஒரு மாதம் நீ என்று சொல்லியிருக்கலாம். அவரையும் காந்தலூருக்கே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். மாட்டேன் என்றும் சொல்லியிருக்கலாம். எதுவாக இருந்தாலும் அது என் வாயிலிருந்து வந்திருக்கும். அதற்கு இடமே கொடுக்காமல், நான் சொல்லாததை எல்லாம் அவளே எழுதிக்கொண்டாள். முதலில் பத்திரத்தில் எழுதியிருப்பதாகச் சொன்னாள். பிறகு புத்தகத்தில் எழுதியே விட்டாள்.

அவள் கடைசியாகச் சொன்னது: நல்லதுக்குத்தான் செய்தேன், காந்தலூர்ப் போயிருந்தால் உங்களுக்கு இந்தப் பேர் கிடைத்திருக்குமா, படம் வருமா. அதைச் சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு மீட்டிங்குக்குப் போனாள்.

திரும்பி வந்தேன். மாமனார் பேப்பரை மடித்து மடியில் வைத்திருந்தார். அவர் கொல்லங்கோட்டில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பேப்பரில் ஒரு வரி விடாமல் தினமும் படிக்கிறவர். அவள் பத்திரம், நோட்டீஸ் என்று சொன்ன அன்றைக்கு முன்னறையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டவர். அவரையும் நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தாளை அவர் முன்னால் வைத்தேன். எட்டிப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியுங்களா மாமா?"

"நீ கேட்டிருந்தாப் படிச்சுச் சொல்லியிருப்பேன்" என்றார். "நீ கேக்கல." பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டு, "மோர் எங்க?" என்றார்.

மணி பதினொன்றரை ஆகியிருந்தது. கொடுத்தேன். கொடுத்ததையும் எழுதிவிடுகிறேன். நான் கோபக்காரி என்று மட்டும் தெரிந்தால் போதாது, கோபத்தோடேயே மோர் கலக்குகிறவள் என்பதும் தெரியட்டும். அந்த மோரை நான் கலக்குவேன் என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதுதான் என்னைக் கட்டியிருந்த கயிறு. தாள் வெறும் சாக்கு.

வீட்டுக்குள் பேசித் தீர்த்துக்கொள், வெளியே சொன்னால் குடும்ப மானம் போகும் என்று மகள் போனில் சொல்கிறாள். என்னை வைத்து நாத்தனார் வெளியேதான் பேசினாள். மைக்கில் பேசினாள், வாட்ஸ்அப்பில் பேசினாள், இப்போது அச்சிலும் பேசப் போகிறாள். மன்னிப்பை மட்டும் வேலியோரத்தில் வாங்கிக்கொள்ள நான் தயாராக இல்லை. காந்தலூர் அடுப்படி எனக்குத் திரும்பக் கிடைக்காது. அது எனக்குத் தெரியும். அங்கே இப்போது வேறொருத்தி நிற்கிறாள், அவள் பேரில் எனக்கு வருத்தம் இல்லை.

இனி உன்னிடம்தான் பேசுகிறேன் அம்மிணி. கிராம சபை அன்று நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். புத்தகத்தை நீ வெளியிடு. மூன்றாம் பக்கத்தைத் திறந்து எல்லாரிடமும் காட்டு. பிறகு நான் எழுந்து மேடைக்கு வந்து அந்தத் தாளை உன் கையில் கொடுப்பேன். மைக்கில் படி. மூன்று வரிதான், நேரம் ஆகாது. நீ படிக்காவிட்டால் பின்பக்கத்தில் நான் எழுதி வைத்திருப்பதை நானே படிப்பேன். என் உச்சரிப்புக்கு யார் சிரித்தாலும் சரி.

படித்து முடித்ததும் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். அதற்கு நீ அங்கேயே, அத்தனை பேர் முன்னால், மலையாளத்திலும் தமிழிலும் பதில் சொல்ல வேண்டும். நான் எங்கேயும் போகக் கூடாது என்று இதில் எந்த வரியில் எழுதியிருக்கிறது? விரல் வைத்துக் காட்டு.